ஒரத்தநாட்டில் விற்கும், தஞ்சாவூரில் விற்காது

அனுராதா தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் எம்.பி.ஏ. மாணவர்களுக்கு 'ஆராய்ச்சி முறைகள்' என்ற பாடத்தைப் பல வருடங்களாக நடத்திவந்தாள். கருதுகோள் என்றால் என்ன, மாதிரி எடுப்பது எப்படி, கேள்வித்தாளில் எந்தக் கேள்வியை முதலில் வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். ஆனால் ஒரு நிஜமான கடைக்காரரிடம் போய் ஒரு நிஜமான கேள்வியை அவள் கேட்டதில்லை. மாணவர்களும் கேட்டதில்லை. கேன்டீனில் உட்கார்ந்து நூறு பேருக்கான பதிலையும் தாங்களே டிக் அடித்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவளும் மார்க் போட்டுவிடுவாள். அதற்கு மேல் எதுவும் செய்யவேண்டிய அவசியம் வந்ததில்லை.

அவசியம் ஒரு மாசி மாதக் காலையில் லாரியில் வந்து இறங்கியது.

அவளுடைய மாமனார் கோவிந்தராசு ஒரத்தநாட்டில் ரைஸ்மில் வைத்திருப்பவர். இத்தனை காலமும் நெல்லை அரைத்து மொத்த வியாபாரிகளுக்குக் கொடுப்பார். அவர்கள் தங்கள் பெயரைப் போட்டு விற்பார்கள். போன வருடம் அவருக்கு ஓர் ஆசை வந்தது. தன் அரிசி தன் பெயரிலேயே கடைக்குப் போக வேண்டும். சிங்கப்பூரிலிருந்த மகன் சதீஷ், அனுராதாவின் கணவன், "சூப்பர்ப்பா, பிராண்டுதான் முக்கியம்" என்று போனிலேயே உற்சாகப்படுத்தினான். அப்படிப் பிறந்ததுதான் 'கோவிந்தராசு பொன்னி'.

அரிசிப் பையை, அதாவது இருபத்தைந்து கிலோ சிப்பத்தை, வடிவமைத்தவர் ஒரத்தநாடு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் மருதையன். வெள்ளை நிறச் சிப்பம். நடுவில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் கோவிந்தராசுவின் படம். நெற்றியில் விபூதி, சிரிக்காத முகம். இரண்டு பக்கமும் இரண்டு குத்துவிளக்கு. படத்துக்குக் கீழே இடதுபுறம் மில் தொடங்கிய வருடம், 'தோற்றம்: 1985'. வலதுபுறம் 'காலாவதி' என்று அச்சடித்து, தேதி முத்திரை குத்த இடம். அடியில் சாய்ந்த எழுத்தில் ஒரு வாசகம்: 'என்றும் உங்கள் நினைவில்'.

கோவிந்தராசுவுக்கு அந்தச் சிப்பம் அவ்வளவு பிடித்துப்போயிற்று. ஒன்றை ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் நிறுத்திவைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

ஒரத்தநாட்டில் அரிசி நன்றாகவே விற்றது. தஞ்சாவூருக்குப் போனது மட்டும் விற்கவில்லை. அன்று காலை லாரியில் வந்தது அந்தச் சரக்குதான்.

"தஞ்சாவூர்க்காரனுக்கு நாக்கு செத்துப்போச்சு" என்றார் கோவிந்தராசு, வாசலில் நின்று லாரியைப் பார்த்தபடி. பிறகு கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மருமகள் பக்கம் திரும்பினார். "ஏம்மா அனு, காலேஜ்ல என்னமோ சொல்லிக் குடுக்கிறியே, அது என்ன?"

"ரிசர்ச் மெத்தட்ஸ் மாமா."

"அதை வச்சு என்ன பண்ணலாம்?"

"ஒரு பிரச்சினைக்கு என்ன காரணம்னு கண்டுபிடிக்கலாம்."

"இந்தா பிரச்சினை." லாரியைக் கை காட்டினார். "கண்டுபிடி."

அன்று இரவு போனில் சதீஷ் சிரித்தான். "மாட்டிக்கிட்டியா? இனிமே விட மாட்டாரு." அவனுக்கென்ன, சிங்கப்பூரில் இருந்தான்.

அனுராதா முறைப்படி ஆரம்பித்தாள். இருபத்துநான்கு கேள்விகள் கொண்ட கேள்வித்தாள். அரிசியின் வெண்மை, மணம், சாதம் உதிரியாக வருவது, விலை, பை, எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டிருந்தாள். சனிக்கிழமை ஒரத்தநாட்டில் தெருத் தெருவாகப் போவதாகத் திட்டம்.

முதல் வீட்டிலேயே ஓர் அம்மாள் கேள்வித்தாளைப் பார்த்ததும் உள்ளே ஓடி ஆதார் ஜெராக்ஸும் ரேஷன் கார்டும் இரண்டு போட்டோவும் எடுத்துவந்தார்.

"கவர்மென்ட் மாசப் பணத்துக்குத்தானே எழுதறீங்க? போன தடவை என் பேரு விட்டுப் போச்சும்மா."

"இல்லம்மா, இது அரிசி பத்தி."

அனுராதா அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் செய்தி அவளைத் தாண்டிப் போய்விட்டது, கொஞ்சம் மாறி. அரிசி கொடுக்கிறார்களாம். தெருக் கோடியில் பிள்ளையார் கோயில் முன்னால் வரிசை நின்றது. சிலர் கையில் பை வைத்திருந்தார்கள். யாரையும் வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், எல்லோரிடமும் கேள்வித்தாளைக் கொடுத்தாள்.

பதில்கள் அவள் எதிர்பார்த்ததைவிட வேகமாக வந்தன.

"எங்க மில்லுக்காரர் அரிசிக்கு மார்க் போடறதா? அஞ்சுக்கு அஞ்சு போட்டுக்கம்மா."

"ஒவ்வொண்ணாக் கேக்கணுங்க."

"எல்லாத்துக்கும் அஞ்சு போடு. வேணும்னா ஆறு போடு."

'குறைகள் ஏதேனும்' என்ற இடத்தில் ஒருவர் தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதச் சொன்னார். இன்னொருவர் வாய்க்கால் தூர்வாரவில்லை என்றார். ஒரு பெண் தானே பேனாவை வாங்கி, 'மில்லுக்காரர் மருமகள் முன்னைவிட இளைத்துவிட்டார், கவனிக்கவும்' என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள்.

கூட்டிக் கழித்துப் பார்த்ததில் சராசரி ஏறக்குறைய ஐந்து. ஐந்தேதான் வந்திருக்கும், ஒரே ஓர் ஆள் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டிருந்தார். அவர் கோவிந்தராசுவின் பங்காளி. இருவருக்கும் வரப்புத் தகராறு.

"அப்ப குறையே இல்லைன்னு ஆராய்ச்சி சொல்லுதா?" என்று கேட்டார் கோவிந்தராசு, பெருமையோடு. அடுத்த நொடி முகம் மாறியது. "குறை இல்லைன்னா லாரி ஏம்மா திரும்பி வந்துச்சு?"

அனுராதா கேள்வித்தாள்களை மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை வகுப்பில் மாதிரி எடுப்பதில் வரும் தவறுகளைப் பற்றிக் குறிப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள். "கேட்கவேண்டிய ஆட்களை விட்டுவிட்டு, கைக்குக் கிடைத்தவர்களிடம் கேட்பது" என்று பாதி சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். அரிசி விற்கிற ஊரில் போய், ஏன் விற்கவில்லை என்று கேட்டிருக்கிறாள். அதுவும் மில்லுக்காரர் வீட்டு மருமகளாகப் போய் நின்று.

"மேடம், அப்புறம்?" என்றான் முன்வரிசையில் எழுதிக்கொண்டிருந்தவன்.

"அப்புறம் ஒண்ணுமில்லப்பா. அது வரைக்கும் எழுதினது ரொம்ப கரெக்ட்."

மறுநாள் மூன்று ஹாட் பேக்கில் மூன்று கம்பெனி அரிசியைச் சோறாக்கிக் கல்லூரிக்குக் கொண்டுபோனாள். பெயர் இல்லை, எண் மட்டும். ஆசிரியர்கள் ருசி பார்த்தார்கள். புள்ளியியல் துறை மங்களாம்பிகை ஒரு தடவை சாப்பிட்டு முடிவு சொல்ல முடியாது என்று மூன்று தடவை சாப்பிட்டார். மூன்றாவது தடவை ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டார். பெரும்பாலானோர் இரண்டாம் எண் என்றார்கள். அது கோவிந்தராசு பொன்னி.

ஆக, அரிசியில் குற்றமில்லை.

அந்த வார முடிவில் தஞ்சாவூர் கீழவாசலில் சித்தீக்கின் மளிகைக் கடைக்குப் போனாள். சரக்கைத் திருப்பி அனுப்பியவர்களில் அவரும் ஒருவர். கோவிந்தராசுவுக்கு நெடுநாள் பழக்கம்.

"அரிசியா? அரிசி தங்கம் மேடம்" என்றார் சித்தீக்.

"அப்புறம் ஏன் பாய் திருப்பி அனுப்பினீங்க?"

"வியாபாரம் கொஞ்சம் டல்லு." அவர் அவளைப் பார்க்காமல் மேலே மின்விசிறியைப் பார்த்தார். மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"நான் கொஞ்ச நேரம் உள்ள உட்கார்ந்துக்கலாமா? யார் என்ன வாங்கறாங்கன்னு சும்மா பார்க்கணும்."

"அதுக்குத்தான் கேமரா இருக்கே மேடம்."

"கேமராவுல பேச்சு பதியாதே பாய்."

சித்தீக் ஏதோ சொல்லவந்து, சொல்லாமல், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்து எண்ணெய் டின்களுக்குப் பின்னால் போட்டுக்கொடுத்தார். அவளுக்காகக் கிடங்கில் மிச்சமிருந்த நாலு சிப்பங்களை முன்னால் அடுக்கியும் வைத்தார்.

முதலில் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கணவன் விலையைப் பார்த்துவிட்டு கோவிந்தராசு பொன்னியைத் தூக்கக் கை வைத்தான். மனைவி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உங்களுக்கு வேற அரிசியே கிடைக்கலியா?" பக்கத்திலிருந்ததை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்து ஒரு பெரியவர். சிப்பத்தின் முன்னால் நின்றார். செருப்பைக் கழற்றினார். படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, கால் கிலோ துவரம்பருப்பு கேட்டார்.

அனுராதாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமாவுக்கு இங்கே இவ்வளவு மரியாதையா?

பிறகு இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி குனிந்து சிப்பத்தை வாசித்தாள்.

"தோற்றம் எண்பத்தஞ்சு. அடக் கடவுளே, நாப்பது வயசுதான்டி."

"பார்த்தா அறுபது சொல்லலாம் போல இருக்கே."

"என்ன குடும்பக் கஷ்டமோ. முகத்தைப் பாரு, சிரிப்பே இல்ல."

"எப்ப போனாராம்?"

"காலாவதி..." அவள் முத்திரையை உற்றுப் பார்த்தாள். "அடுத்த வருஷம்னு போட்டிருக்கு. அச்சடிச்சவன் தப்பாப் போட்டுட்டான் போல."

"செத்தவருக்குக்கூட ஒழுங்கா அச்சடிக்க மாட்டேங்கறானுங்க" என்றாள் மற்றவள். இருவரும் இரண்டு நிமிடம் வருத்தப்பட்டுவிட்டு வேறு அரிசி வாங்கிக்கொண்டு போனார்கள்.

அனுராதா எண்ணெய் டின்களுக்குப் பின்னாலிருந்து மெல்ல எழுந்து வந்தாள். டி.வி.க்குப் பக்கத்தில் மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்த சிப்பத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படித்தாள். படம். விளக்கு. தோற்றம். காலாவதி. என்றும் உங்கள் நினைவில். ஊரெங்கும் சுவரில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர்தான். அதற்குள் இருபத்தைந்து கிலோ அரிசி.

"பாய்!"

சித்தீக் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "நான் எப்படி மேடம் சொல்றது? கல்லு மாதிரி இருக்கிற மனுஷன். அவர்கிட்டப் போயி, நீங்க செத்துட்டீங்கன்னு ஜனம் நினைக்குதுன்னா சொல்ல முடியும்? போன மாசம் ஒருத்தர் ஊதுவத்தி வாங்க வந்தாரு. வாங்கினதுல ஒண்ணை இங்கயே கொளுத்தி வச்சுட்டுப் போயிட்டாரு."

ஒரத்தநாட்டில் ஏன் விற்கிறது என்பதும் இப்போது விளங்கிவிட்டது. அங்கே கோவிந்தராசு தினமும் காலையில் ஸ்கூட்டரில் எல்லோர் கண்ணிலும் படும்படி போய்வருகிறார். தஞ்சாவூரில் அவருக்கு அந்த வசதி இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள். அங்கே வீட்டு உபயோகத்துக்கான சிப்பம் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. மாமியார் கமலாம்பாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அத்தை, இதை ஏன் திருப்பி வச்சிருக்கீங்க?"

கமலாம்பாள் நிமிரவில்லை. "வந்த நாள்லேருந்து அப்படித்தான் இருக்கு."

"உங்களுக்குத் தெரியுமா?"

"காலையில எந்திரிச்சு அடுப்படிக்கு வந்தா அந்தப் படம். திருப்பி வச்சுட்டுத்தான் அடுப்பே பத்த வச்சேன்."

"மாமாகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"வாயால சொல்ற விஷயமா இது? கட்டினவரைப் பார்த்து எந்தப் பொம்பளை சொல்லுவா?" கமலாம்பாள் கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நீதான் படிச்ச பொண்ணு. நீ சொல்லு."

படித்திருந்தாலும் அனுராதாவுக்கும் சொல்ல வாய் வரவில்லை. அவள் கடைசியில் தன் பாடத்தையே சரணடைந்தாள். தான் சொல்வதற்குப் பதிலாக ஒரு பரிசோதனை சொல்லட்டும்.

"மாமா, ஒரே அரிசியை ரெண்டு விதமா வைப்போம். ஒரு கடையில நம்ம சிப்பம். இன்னொரு கடையில படம் இல்லாத வெறும் சிப்பம், பேர் மட்டும். எது விக்குதுன்னு பார்ப்போம்."

"மூஞ்சி தெரியாத அரிசியை எவன் வாங்குவான்?" என்று சிரித்தார் கோவிந்தராசு. "வச்சுப் பாரு. எனக்கென்ன பயம்?"

அந்த வாரம் சித்தீக் கடையில் படம் போட்டது அப்படியே இருந்தது. தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் படம் இல்லாதது தீர்ந்துபோய், மேலும் கேட்டு ஆள் அனுப்பினார்கள்.

கோவிந்தராசு முகவாயைத் தடவினார். "அது பஸ் ஸ்டாண்டு கடைம்மா. கூட்டம் ஜாஸ்தி. அங்க எதை வச்சாலும் விக்கும். ரெண்டும் ஒரே மாதிரிக் கடையா? நீயே சொல்லு."

அனுராதா அசந்துபோனாள். இத்தனை வருடத்தில் அவளுடைய மாணவர்களில் ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. சிப்பங்களைக் கடை மாற்றி வைத்தாள். இந்தத் தடவை சித்தீக் கடையில் படம் இல்லாதது தீர்ந்தது. பஸ் ஸ்டாண்டு கடையில் படம் போட்டது நின்றது.

"இந்த வாரம் முகூர்த்தம்" என்றார் கோவிந்தராசு. "கல்யாண வீட்டுக்காரன் அவசரத்துல கையில கிடைச்சதைத் தூக்கிட்டுப் போயிருப்பான். சாதாரண வாரத்துல வச்சுப் பார்க்கணும்."

கல்லூரியில் இதைச் சொன்னபோது மங்களாம்பிகை, "அவரை வெளித் தேர்வாளராகப் போட்டுவிடலாம் போலிருக்கிறதே" என்றார்.

சாதாரண வாரத்தில், ஒரே கடையில், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். படம் இல்லாததே போயிற்று. கோவிந்தராசுவின் கேள்விகளில் இப்போது பழைய சிரிப்பு இல்லை.

"சித்தீக் எதை முன்னாடி வச்சான்?"

"ரெண்டும் முன்னாடிதான் மாமா."

"அப்ப என் மூஞ்சியில என்ன கோளாறு?"

அனுராதா மாமியாரைப் பார்த்தாள். கமலாம்பாள் உடனே அடுப்படிக்குள் போய்விட்டார்.

"நீ சொல்ல வேணாம்" என்றார் கோவிந்தராசு. "நானே போய்ப் பார்க்கிறேன்."

சனிக்கிழமை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு, சித்தீக் கடையில் அரிசிச் சிப்பங்களுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அனுராதா வழக்கம்போல எண்ணெய் டின்களுக்குப் பின்னால். சித்தீக் கல்லாவில் உட்கார்ந்து உதடு அசைய எதையோ ஓதிக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறிற்று. புழுக்கம் தாங்காமல் கோவிந்தராசு மாஸ்க்கைக் கீழே இழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்த நேரம், ஓர் அம்மாள் கடைக்குள் வந்தார். சிப்பத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடி சிப்பத்தைப் பார்த்தார். கையிலிருந்த கூடை நழுவிக் கீழே விழுந்தது.

"ஐயோ!"

"என்னம்மா, என்ன ஆச்சு?" கோவிந்தராசு கூடையை எடுத்துக் கொடுத்தார்.

அந்த அம்மாளுக்கு மூச்சு வந்தது. "தம்பிங்களா? முகம் அச்சா அப்படியே இருக்கு. ஒரு நிமிஷம் ஆடிப்போயிட்டேன்."

"யாருக்குத் தம்பி?"

"இவருக்குத்தான்." படத்தைக் காட்டினார். "என்னங்க ஆச்சு அண்ணனுக்கு? திடீர்னா?"

கோவிந்தராசு சிப்பத்தைத் திரும்பிப் பார்த்தார். டின்களுக்கு நடுவிலிருந்து அனுராதாவுக்கு அவர் முகம் நன்றாகத் தெரிந்தது. அவர் கண் மேலிருந்து கீழே மெதுவாக இறங்கியது. படத்தில் நின்றது. தோற்றத்தில் நின்றது. காலாவதிக்குப் போனது. கடைசி வரியில் வந்து நின்றுவிட்டது.

அவர் கத்தப்போகிறார் என்று அனுராதா எழுந்தாள்.

"ஆமாம்மா" என்றார் கோவிந்தராசு தணிந்த குரலில். "திடீர்னுதான். ஹார்ட் அட்டாக்."

"பாவம். நல்ல மனுஷனா இருந்திருப்பாரு. முகத்துலயே தெரியுது."

"அப்படியா தெரியுது?"

"நேர்மையான முகம்ங்க. இப்பல்லாம் இப்படி யாரு இருக்கா?"

கோவிந்தராசு சிப்பத்தின் மேல் கை வைத்தார். "அரிசி நல்லா இருக்கும்மா. வாங்கிப் பாருங்களேன்."

அந்த அம்மாள் சங்கடப்பட்டார். "பொண்ணுக்கு வரன் பேசிட்டு இருக்கோம்ங்க. இந்த நேரத்துல இந்தப் படத்தை எப்படி வீட்டுக்குள்ள கொண்டு போறது? தப்பா நினைக்காதீங்க. உங்க அண்ணனைக் குறைச்சு சொல்லல."

"இல்லம்மா" என்றார் கோவிந்தராசு. "அவரு தப்பா நினைக்க மாட்டாரு."

"அவரு ஆத்மா சாந்தியடையட்டும்."

"ரொம்ப நன்றிங்க." கைகூப்பினார்.

காரில் திரும்பி வரும்போது கல்லணைக் கால்வாய்ப் பாலம் தாண்டியதும் அவர் கேட்டார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"கடையில முதல்ல உட்கார்ந்த அன்னைக்கு மாமா."

"உங்க அத்தைக்கு?"

"சிப்பம் வீட்டுக்கு வந்த அன்னைக்கே."

"சித்தீக்குக்கும் தெரிஞ்சிருக்கு. தஞ்சாவூருக்கே தெரிஞ்சிருக்கு. செத்த ஆளுக்கு மட்டும்தான் தெரியல." அறுவடை முடிந்த தாளடி வயல்களில் வாத்து மேய்ந்துகொண்டிருந்தது. "வண்டியை மருதையன் கடைக்கு விடு."

மருதையன் கடையில் ஒரு காதுகுத்து பேனர் அச்சாகிக்கொண்டிருந்தது. கோவிந்தராசு சிப்பத்தை மேசையில் போட்டு, "இது என்னடா?" என்றார்.

மருதையன் அதை நிதானமாகப் பார்த்தார். அவருக்கும் அப்போதுதான் உறைத்தது போலிருந்தது.

"ஐயா, நீங்க அவசரம்னு சொன்னீங்க. கம்ப்யூட்டர்ல அந்த டிசைன்தான் ரெடியா இருந்துச்சு. நல்ல டிசைனுங்க, நிறையப் பேரு கேட்டு வாங்குவாங்க." எச்சில் விழுங்கினார். "நான் மாலையை எடுத்துட்டேனே ஐயா. மாலையை எடுத்துட்டா வேற மாதிரி ஆயிடும்னு நினைச்சேன்."

அனுராதா மாமனாரின் கையைப் பிடிக்கத் தயாராக நின்றாள். கோவிந்தராசுவின் தோள் குலுங்கியது. முதலில் அழுகிறார் என்றுதான் நினைத்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, துண்டால் வாயைப் பொத்தியும் அடங்காமல் சிரித்தார். மருதையனுக்குத் தானும் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று சும்மா நின்றார்.

"மாலையை எடுத்தானாம்" என்று கோவிந்தராசு அன்று இரவு சாப்பிடும்போதும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கமலாம்பாள் ரசம் ஊற்றிக்கொண்டே, "போதும், புரையேறப் போவுது" என்றார். ஆனால் மறுநாள் காலை ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் இருந்த சிப்பத்தைக் காணவில்லை. யார் எடுத்தது என்று யாரும் கேட்கவில்லை.

புதிய சிப்பத்துக்கு மருதையன் மூன்று மாதிரி போட்டுக் கொண்டுவந்தார். எது வேண்டும் என்று கோவிந்தராசு தானாக முடிவு செய்யவில்லை. மூன்றையும் கடையில் வைத்துப் பார்க்கச் சொன்னார். அவருக்குத் துளியும் பிடிக்காதது ஒன்று ஜெயித்தது: வாழையிலையில் ஆவி பறக்கும் சோறு, மேலே பச்சை எழுத்தில் பெயர், வேறொன்றும் இல்லை. முணுமுணுத்தபடி ஒப்புக்கொண்டார். காலாவதி என்ற சொல்லையும் எடுத்துவிட்டு, 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்' என்று போட்டார்கள். பழைய சிப்பங்கள் தவிடு பிடிக்கப் போயின. தவிடு மாட்டுக் கொட்டகைகளுக்குப் போயிற்று. மாடுகளிடமிருந்து எந்தப் புகாரும் வரவில்லை.

அரிசி தஞ்சாவூரில் விற்க ஆரம்பித்தது. ஓகோ என்றில்லை, லாரி திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். கோவிந்தராசுவுக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் கடையில் நின்று ஜனங்களைப் பார்க்கிற ருசி அவருக்குப் பிடித்துவிட்டது. சனிக்கிழமைதோறும் தஞ்சாவூருக்குக் கிளம்பினார்.

"போறது சரி மாமா" என்றாள் அனுராதா. "ஆனா அன்னைக்கு நீங்க தம்பின்னு சொல்லி அந்த அம்மாகிட்டப் பேச்சுக் குடுத்தீங்க பாருங்க, அது ஆராய்ச்சியில பெரிய தப்பு. பார்க்கப் போறவர் பார்க்க மட்டும்தான் செய்யணும். வாங்குன்னும் சொல்லக் கூடாது, வாங்காதேன்னும் சொல்லக் கூடாது. எந்தப் பக்கமும் சாயக் கூடாது."

"சாயக் கூடாது" என்று கோவிந்தராசு மனதில் பதித்துக்கொண்டார்.

சித்திரையில் கல்லூரி இருந்த ஒரு சனிக்கிழமை, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அனுராதாவின் போன் மூன்று முறை அடித்தது. வெளியே வந்து எடுத்தாள். சித்தீக்.

"மேடம், தயவு பண்ணி உங்க மாமனாரைக் கூட்டிட்டுப் போங்க."

"என்ன பாய் ஆச்சு?"

"ஒரு அம்மா உங்க அரிசியைக் கையில எடுத்துட்டாங்க. பக்கத்துல நின்ன இவர்கிட்ட, 'ஐயா, இது நல்லா இருக்குமா'ன்னு ஒரு வார்த்தை கேட்டாங்க. இவரு மேல பார்த்துக்கிட்டு, 'அதைப் பத்தி நான் எதுவும் சொல்லக் கூடாதும்மா'ங்கறாரு. அவர் சொன்ன விதத்துல அந்தம்மா பயந்துபோய்ப் பையைக் கீழ வச்சுட்டாங்க. காலையிலேருந்து இப்படி அஞ்சாறு பேரு."

"போனை அவர்கிட்ட குடுங்க."

கோவிந்தராசு வந்தார். "சொல்லும்மா."

"மாமா, என்ன பண்றீங்க அங்க?"

"நீ சொன்னபடிதான். இம்மிகூடச் சாயல." குரலில் அவ்வளவு திருப்தி. "ஒரு அம்மா விடவே இல்ல. வற்புறுத்திக் கேட்டாங்க. சரின்னு, நம்ம அரிசி நல்லா இருக்கும், பக்கத்துக் கம்பெனி அரிசியும் நல்லா இருக்கும்னு சொல்லிட்டேன். ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்ல?"

"அவங்க எதை வாங்கினாங்க?"

"பக்கத்துக் கம்பெனி."

அனுராதா நெற்றியைத் தடவிக்கொண்டாள். "அங்கயே இருங்க மாமா. வகுப்பு முடிஞ்சதும் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

"இப்ப வராதம்மா" என்றார் கோவிந்தராசு. "கூட்டமே இனிமேதான் வரும்."